வாடகைக் கூட்டம்

ஆளில்லாத ஜவுளிக்கடைக்குள் ஆள் நுழையாது. சங்கரன்கோவிலில் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சேலை சும்மாவே தருகிறோம் என்று எழுதிப் போட்டாலும், வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஈ காக்காயக் காணோம், சாயம் போகும் போலிருக்கு" என்று பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். அங்கே நாலு பேர் நின்றால் போதும், ஐந்தாவது ஆளாக முண்டியடித்து உள்ளே போய், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவார்கள். வியாதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மருந்து கண்டுபிடித்தவர் மயில்தோகை ஜவுளிக் கடல் முதலாளி சங்கரசுப்பு ஒருவர் மட்டுமே.

மருந்தின் பெயர் வேல்ராஜ். சேலை எடுத்துப் போடுவது அவருக்கு வெளியில் சொல்லிக்கொள்கிற வேலை. நிஜ வேலை கூட்டம் பிடிப்பது. வியாபாரம் படுத்துக் கிடக்கிற காலைகளில் வேல்ராஜ் தெருவுக்குள் போய் எட்டுப் பத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வருவார். தலைக்கு ஒரு டீ, ஒரு வடை. அவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே வந்து, துணியைக் கசக்கிப் பார்த்து, "இதுல மாம்பழ மஞ்ச இல்லையா" என்று கேட்டு, குடோன் வழியாகப் பின்வாசலில் வெளியேறி, தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்வாசலில் வருவார்கள். இப்படி நாலு சுற்றுச் சுற்றினால் நிஜமான ஆட்கள் தானாக நுழைய ஆரம்பிப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஞானசெல்வி என்று ஒருத்தி இருந்தாள். அவள் விலை பேச ஆரம்பித்தால் தறிச் சத்தம் கூட அடங்கிவிடும். ஒருமுறை அவள் பேசிய பேச்சில், வாடகை ஆள் என்பதை மறந்து சேல்ஸ்மேன் அடக்க விலைக்கும் கீழே சேலையைக் கொடுத்துவிட்டான். அவளும் மறந்துபோய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சங்கரசுப்பு கோபப்படவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வடை இரண்டு என்று உத்தரவு போட்டார்.

இன்னொரு வருஷம் ஆவணி மாதத்தில், இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு கோஷ்டிகளைக் கொண்டுவந்து, ஒன்றைப் பெண் வீடாகவும் மற்றொன்றை மாப்பிள்ளை வீடாகவும் உட்கார வைத்து, முகூர்த்தப் பட்டு பார்க்கச் சொன்னார் வேல்ராஜ். இரண்டு பக்கத்து அம்மாமார்களும் பேசிக்கொண்டே பட்டு பார்த்ததில், ஒருத்திக்கு நிஜமாகவே மகள் இருப்பதும் மற்றவளுக்கு நிஜமாகவே மகன் இருப்பதும் தெரியவந்து, அங்கேயே பேச்சு முடிந்து, தையில் கல்யாணமும் நடந்தது. முகூர்த்தப் பட்டை மட்டும் எதிர்க்கடையில் எடுத்தார்கள். கேட்டதற்கு, அங்கேதான் கூட்டம் இருந்தது என்றார்கள்.

இப்படித் தன் போக்கில் கடை நடத்திக்கொண்டிருந்த சங்கரசுப்பு, ஆன்லைனில் கடை போட நேர்ந்ததற்கு அவருடைய வாய்தான் காரணம்.

அவர் மனைவி ராஜேஸ்வரியின் தம்பி சுடலைராஜ் ராஜபாளையத்தில் நாலு மாடி ஜவுளிக்கடை வைத்திருந்தான். லிஃப்ட் உண்டு. அவன் முந்தின தீபாவளிக்கு ஆன்லைனில் பாதி விலை விற்பனை என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினான். காலையில் விற்பனை ஆரம்பித்தது. ஒருவர் காப்பி ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் அவன் சைட்டு படுத்துவிட்டது. பொழுது சாய்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து சங்கரசுப்பு இந்தக் கதையைச் சொல்லாத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, பால்காய்ச்சு இல்லை. உறவில் ஒரு பெரியவர் காலமாகி, பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோதும், "இவுகளாவது ஒரு மாசம் கெடந்து நாலு பேரப் பாத்துட்டுப் போனாக. நம்ம சுடலைராஜ் சைட்டு பொசுக்குனு போயிட்டு, பாத்துக்கிடுங்க" என்றார்.

சிவகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் சுடலைராஜுக்குப் பொறுக்கவில்லை. பாயசத்தை நடுவில் நிறுத்திவிட்டுச் சொன்னான்:

"அத்தான், வாய் வலிக்காமப் பேசுதீகளே, நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்."

"போட்டுட்டாப் போச்சு."

"போட்டு, அது விழாம நின்னுட்டுன்னா, தீபாவளிக்கு ஒரு வாரம் உங்க கட வாசல்ல நான் நிக்கேன். வாரவுக போறவுகளக் கும்பிட்டு 'வாங்க, வாங்க'ன்னு கூப்பிடுதேன். சரியா?"

"விழுந்துட்டா நான் உன் கட வாசல்ல நிக்கேன், மாப்ளே. போதுமா?"

பந்தி முழுக்கக் கேட்டது. இலை எடுக்க வந்தவன்கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுத்தான் எடுத்தான். பஸ்ஸில் திரும்பும்போது ராஜேஸ்வரி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "வாசல்ல நிக்கையில வேட்டிய நல்லா எறக்கிக் கெட்டிட்டு நில்லுங்க. எந்தம்பி கடைக்கு நாலு பெரிய மனுசங்க வருவாங்க."

வெளியாருக்கு இது விளையாட்டுப் பந்தயமாகத் தெரியலாம். சங்கரசுப்புவைத் தெரிந்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. முப்பது வருஷமாக அவர் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவர். யாருக்காகவும் எழுந்ததில்லை. தாசில்தார் வந்தபோதுகூட இடுப்பை மட்டும் ஒரு பக்கமாக அசைத்தார். அதையே மரியாதையாக எடுத்துக்கொண்டு தாசில்தார் போய்விட்டார். அப்படிப்பட்டவர் மச்சினன் கடை வாசலில் கையைக் கூப்பிக்கொண்டு நிற்பதா?

ஆகவே சைட்டு விழக்கூடாது. ஊர்க் கோவில் திருவிழாவான ஆடித் தவசுக்குத் தள்ளுபடி விற்பனை என்று முடிவு செய்துகொண்டு, வேல்ராஜையும் கூட்டிக்கொண்டு ஷிரின் பானுவிடம் போனார்.

ஷிரின் பானு கடையநல்லூர்ப் பெண். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்து, சங்கரன்கோவிலில் ஒரு மாடி அறை எடுத்து, கடைக்காரர்களுக்கு சைட்டு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"சைட்டு கெட்டித் தந்துருதேன், அண்ணாச்சி. ஆனா தவசுக்கு முன்னால லோடு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்."

"அப்படின்னா?"

"பாலம் கெட்டுனா மணல் லாரிய வரிசையா நிறுத்திப் பாப்பாங்கள்லா, அது மாதிரி. நம்ம சைட்டுல ஆள ஏத்திப் பாக்கணும். ஒரே நேரத்துல பத்தாயிரம் பேரு வருவாங்கன்னு நெனச்சா, முப்பதாயிரம் பேர ஏத்திப் பாக்கது நல்லது."

முப்பதாயிரம் பேருக்கு டீயும் வடையும். சங்கரசுப்புவின் முகம் சுண்டிவிட்டது.

"அம்புட்டுப் பேருக்கு எங்க போக, தாயி? வேல்ராஜு இழுத்துப் பிடிச்சா ஒரு இருவது பேரு கூட்டியாருவான்."

ஷிரின் பானுவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "நிச ஆளு இல்ல, அண்ணாச்சி. கம்ப்யூட்டரே ஆளு மாதிரி உள்ள வரும். சேலை பாக்கும், கூடையில போடும், பணங் கட்டுத எடம் மட்டும் போயிட்டுத் திரும்பிரும். ஒவ்வொரு மிசினும் நூறு எரநூறு ஆளு மாதிரி நடிக்கும். அந்த மிசின்கள மும்பையிலயும் சிங்கப்பூர்லயும் அரைமணி நேரத்துக்கு வாடகைக்கு எடுப்போம். வேல முடிஞ்சதும் விட்டுருவோம். அதத்தான் கிளவுடுங்காங்க. முன்னால கம்பெனிக்காரங்க இதுக்குன்னு சொந்தமா மிசினு வாங்கிப் போட்டாங்க. வருசத்துல நாலு நாள் ஓடும், மிச்ச நாளெல்லாம் தூசி படிஞ்சு கெடக்கும். இப்ப டிக்கெட் விக்கவங்க, பேங்குக்காரங்க எல்லாரும் இப்படித்தான். கல்யாணத்துக்குப் பாத்திரம் பண்டம் வாடகைக்கு எடுக்கோம்லா, அது மாதிரி."

"டீ?"

"குடிக்காது."

சங்கரசுப்பு வேல்ராஜைத் திரும்பிப் பார்த்தார். வேல்ராஜ் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தாங்கள் இரண்டு பேர் மட்டுமே இந்தப் பூமியில் செய்துவருவதாக நினைத்துக்கொண்டிருந்த காரியத்தை பேங்குக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டதில், இருவருக்கும் கொஞ்சம் வருத்தமும் நிறையப் பெருமையும் உண்டாயின.

"மொதலாளி, இது நம்ம தொழில்லா?" என்றார் வேல்ராஜ்.

"இல்லண்ணே," என்றாள் ஷிரின் பானு. "உங்க ஆளுக வெளிய நிக்கவங்களுக்குக் காட்டுததுக்கு. என் ஆளுக, கட தாங்குமான்னு நமக்குள்ள பாத்துக்கிடுததுக்கு. வெளிய காட்டவே கூடாது. அதுக்குன்னு நம்ம சைட்டு மாதிரியே அச்சு அசலா ஒரு ஒத்திகைக் கட கெட்டுவேன். ஆள அங்கதான் எறக்குவேன். நிசக் கடையில எறக்கவே கூடாது. கேட்டீங்களா?"

சங்கரசுப்பு நன்றாகக் கேட்டுக்கொண்டார். காதில் விழுந்தது "ஆள எறக்குவேன்" என்பது மட்டும்தான்.

முதல் டெஸ்ட்டை மதியச் சாப்பாட்டுக்கு மேல், ஊர் கண்ணசந்திருக்கும் நேரத்தில் வைத்தார்கள். ஷிரின் பானு பச்சைப் பொத்தானை அமுக்கினாள். சைட்டு எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் கோடு ஒன்று திரையில் ஊர்ந்தது. நூறு பேர் வந்தார்கள், இருநூறு பேர் வந்தார்கள். ஐந்நூறைத் தாண்டும்போது கோடு பனைமரம் மாதிரி செங்குத்தாக ஏறியது. அவ்வளவுதான், ஒத்திகைக் கடை மல்லாந்துவிட்டது.

"என்ன தாயி இது, சுடலைராஜே தேவல போலிருக்கே?"

"அண்ணாச்சி, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல உங்க அப்பா படம் இருக்குல்லா? அதுதான். பிளக்ஸ் போர்டுக்கு எடுத்த படம். உள்ள வார ஒவ்வொரு ஆளும் அவுகளத் தூக்கிச் சொமந்துக்கிட்டு வாராங்க. கொஞ்சம் சின்னதாக்கணும்."

"எங்கப்பாவச் சின்னதாக்கணுமா?"

"ஆளு அப்படியேதான் இருப்பாங்க. வெயிட்டு மட்டுந்தான் கொறையும்."

சங்கரசுப்பு வெகுநேரம் யோசித்தார். கடைசிக் காலத்தில் டாக்டரும் அப்பாவிடம் அதையேதான் சொன்னார் என்பது ஞாபகம் வந்து, சரி என்றார்.

இரண்டாவது டெஸ்ட்டில் ஐயாயிரம் பேர் தாங்கியது. அப்போது சங்கரசுப்பு ஒரு குறை கண்டுபிடித்தார். "ஏம்மா, ஒன் ஆளுக உள்ள வந்ததும் மொதச் சேலையவே கூடையில போட்டுட்டுப் போறாக. எந்த ஊருல இப்படி நடக்கு? நாப்பது சேலையப் பிரிக்கணும், ஒண்ணும் புடிக்கலன்னு எந்திரிக்கணும், வாசல் வரைக்கும் போகணும், திரும்பி வந்து மொதப் பாத்ததையே எடுக்கணும். அவதான் பொம்பள."

அது ஷிரின் பானுவுக்கு நியாயமாகப் பட்டது. தன் ஆட்களுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்தாள். அதன் பிறகு சிங்கப்பூர் மிஷின்கள் நாற்பது சேலை பார்த்தன, சலித்துக்கொண்டன, போய்விட்டுத் திரும்பி வந்தன. சேலையைத் தேடித் தருகிற வேகம் போதவில்லை என்று தெரிந்தது. அதையும் சரி செய்தாள். இன்னொரு கடைப் பழக்கத்தையும் சைட்டில் சேர்க்கச் சொன்னார் சங்கரசுப்பு: ஒருத்தி கையில் இருக்கிற சேலையை இன்னொருத்திக்குக் காட்டக்கூடாது, காட்டினால் அடிதடி. ஆகவே, ஒருவர் கூடையில் விழுந்த சேலை ஒரு மணி நேரத்துக்கு மற்றவர்களுக்குக் கிடைக்காது என்று ஏற்பாடானது. பக்கத்தின் மூலையில், 'இப்போது கடைக்குள் இருப்பவர்கள்' என்று ஒரு எண் ஓட வேண்டும் என்றும் அடம் பிடித்து வாங்கினார். கூட்டம் வெளியே தெரியாவிட்டால் அது என்ன கடை?

கடைசி டெஸ்ட்டில் முப்பதாயிரம் பேர் வந்தார்கள். கோடு அசையவில்லை. "இனிமே பயமில்ல, அண்ணாச்சி" என்றாள் ஷிரின் பானு. ரிப்போர்ட் பார்த்துக்கொள்ளட்டும் என்று கடைக் கம்ப்யூட்டரிலும் அந்த டெஸ்ட் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். "பாக்க மட்டுந்தான். பச்சைய அமுக்கிராதீங்க."

"நாங்க ஏன் தாயி அமுக்கப் போறோம்?" என்றார் வேல்ராஜ்.

தவசு அன்று சாயங்காலம், கோமதியம்மனுக்கு சுவாமி காட்சி கொடுக்கிற நேரத்தையே விற்பனை தொடங்கும் நேரமாக வைத்திருந்தார் சங்கரசுப்பு. ஊரில் அதிகக் கூட்டம் இருப்பது அப்போதுதான். கூட்டம் இருக்கிற நேரத்தில் கடையைத் திறப்பதுதானே வியாபாரம்? அந்த நேரத்தில் கூட்டத்தின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே இருக்கும், போனைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது என்பதை அவர் யோசிக்கவில்லை. ஷிரின் பானு, நெரிசலில் பஸ் கிடைக்காது என்று முந்தின நாளே கடையநல்லூருக்குப் போய்விட்டாள். வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

விற்பனை தொடங்கியது. சங்கரசுப்பு கல்லாவில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். 'இப்போது கடைக்குள் இருப்பவர்கள்: 7.'

"ஏழு பேரா? ஆருவே அது?"

வேல்ராஜ் விரலை மடக்கினார். "நீங்க ஒண்ணு. நான் ஒண்ணு. மாடி வீட்டுல ராஜேஸ்வரி அக்கா. கடையநல்லூர்ல அந்தப் பிள்ள. ராஜபாளையத்துல உங்க மச்சினரு. மிச்ச ரெண்டு பேரு துபாய்க்காரங்களா இருக்கும், மொதலாளி. அங்கன தவசு கெடையாதுல்லா."

போன் அடித்தது. சுடலைராஜ்.

"அத்தான், கட நல்லா விசாலமா இருக்கு. எதிரொலி கேக்கு."

சங்கரசுப்பு போனை வைத்தார். முப்பது வருஷத்தில் அவர் கடையை யாரும் காலியாகப் பார்த்ததில்லை, பார்க்க விட்டதில்லை. ஷிரின் பானுவைக் கூப்பிட்டார்.

"தாயி, ஆள எறக்கு."

"எந்த ஆள?"

"அந்த சிங்கப்பூர் ஆளுகள. ஒரு அரைமணி நேரம் வந்து நின்னாப் போதும்."

"அண்ணாச்சி, வேண்டவே வேண்டாம்! இது நிசக் கட. கொஞ்சம் பொறுங்க, சாமி காட்சி முடிஞ்சதும் தானா வருவாங்க..."

"காலியாக் கெடக்க கடைக்கு எவன் தாயி தானா வருவான்?"

அதற்கு அவள் சொன்னது கேட்கவில்லை. திருவிழா நெரிசலில் டவர் திணறி லைன் அறுந்துவிட்டது. பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் சங்கரசுப்பு. கடைக் கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒயர் இழுத்திருந்ததால் அது மட்டும் நன்றாக ஓடியது.

"வேல்ராஜு, ஒனக்குத் தெரியும்லா?"

முப்பது வருஷ அனுபவம் உள்ள மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? வேல்ராஜ் ஒத்திகைக் கடையின் முகவரியை அழித்துவிட்டு நிஜக் கடையின் முகவரியைப் போட்டார்.

"எத்தன பேரு, மொதலாளி?"

சங்கரசுப்பு வாசலைப் பார்த்தார். தெரு முழுக்கத் தலை. "தவசுக்கு எத்தன பேருவே வந்திருக்கான்?"

"ரெண்டு லச்சம்னு மைக்ல சொன்னான்."

"கொறைச்சலா இருந்தா நல்லாருக்காது. அதையே போடு."

"அந்தப் பிள்ள மெல்ல மெல்ல ஏத்தும். அப்படி ஏத்தவா, ஒண்ணா விட்ரவா?"

"சாமி காட்சிக்கு எவன்வே மெல்ல மெல்ல வாரான்?"

வேல்ராஜ் பச்சையை அமுக்கினார். நிச்சயமாகவா என்று ஒரு கேள்வி வந்தது. நிச்சயமாகத்தான் என்று அதையும் அமுக்கினார்.

ஏழு என்பது தொள்ளாயிரம் ஆனது. தொள்ளாயிரம் பதினாலாயிரம் ஆனது. முப்பதாயிரத்தைத் தொட்டபோது சங்கரசுப்பு தன்னை அறியாமல் கல்லாவை விட்டு எழுந்து நின்றுவிட்டார். மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்துகொண்டே இருந்தார்கள். நாற்பது சேலை பார்த்தார்கள், வாசல் வரை போனார்கள், திரும்பினார்கள், கூடையில் போட்டார்கள். இப்படி ஒரு கூட்டத்தை அவர் அப்பா பார்த்ததில்லை. வெளியே அம்மன் தெருவில் நேர்ச்சைக்குப் பருத்தியும் மிளகாய் வத்தலும் அள்ளி வீசிச் சூறை விட்டுக்கொண்டிருந்தார்கள். சிவனும் திருமாலும் ஒரே சாமியாய்க் காட்சி கொடுக்க, ஊரே ஒரே குரலாகக் கூவியது. அந்தக் கூவல் தன் கடைக்குத்தான் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டார் சங்கரசுப்பு. எண் லட்சத்தைத் தாண்டியது.

அதோடு நின்றுவிட்டது. பக்கம் வெளுத்துப்போய், 'சிறிது நேரம் கழித்து வரவும்' என்று ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

காட்சி முடிந்து கைகள் கீழே இறங்கின. இறங்கிய கைகள் போனை எடுத்தன. தவசுத் தள்ளுபடி ஞாபகம் வந்து ஆயிரக்கணக்கானவர்கள் நிஜமாகவே மயில்தோகைக்குள் நுழையப் பார்த்தார்கள். முடியவில்லை. பாதி திறந்து நின்றுபோன சில போன்களில் மூலையில் இருந்த எண் மட்டும் தெரிந்தது: கடைக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் ஆள். அந்தப் போன்கள் கைமாறிக் கைமாறிக் காட்டப்பட்டன.

கடையநல்லூரிலிருந்து ஷிரின் பானு சிவப்புப் பொத்தானை அமுக்கி, வந்தவர்களை எல்லாம் சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பினாள். சைட்டு எழுந்தது. ஆனால் ஒரு சேலை கூட இல்லை. இருந்த சேலை அத்தனையும், பிறக்காத பெண்கள் கூடையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் காட்டக்கூடாது. எந்தப் பக்கம் திறந்தாலும் 'இருப்பு இல்லை, இருப்பு இல்லை' என்றே இருந்தது.

லைன் கிடைத்ததும் அவள் கத்தினாள். "என்ன அண்ணாச்சி பண்ணி வச்சிருக்கீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?"

"கூட்டம் நல்லாத்தான் தாயி இருந்துச்சு..." என்றார் சங்கரசுப்பு மெல்ல.

அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். கோபத்திலும் அவருக்காக யோசிக்கிற பெண் அவள். "சரி, ஒண்ணும் குடி முழுகல. உங்க மச்சினருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க. இது டெஸ்டு. டெஸ்டுல விழுந்தது விழுந்த கணக்குல சேராது. விழுற வரைக்கும் ஏத்திப் பாக்கதும் ஒரு வக டெஸ்டுதான். வந்தவங்க ஆளே இல்லன்னு நானே அவுககிட்டப் பேசுதேன். வாசல்ல நிக்க வேண்டியது வராது."

சங்கரசுப்பு மறுபடியும் உட்கார்ந்து யோசித்தார். உள்ளதைச் சொன்னால் பந்தயம் செல்லாது. கல்லாவை விட்டு இறங்க வேண்டாம். ஆனால் வந்த லட்சம் பேரும் வாடகை ஆள் என்று சொல்ல வேண்டும். சுடலைராஜ் அதோடு விடுவானா? இவ்வளவு நாளும் கடையில் நின்ற கூட்டம் யார் என்று கேட்பான். ஞானசெல்வி வெளியே வருவாள். பின்வாசல் வெளியே வரும். கல்யாணம் ஆன அந்த இரண்டு கோஷ்டியும் பிள்ளை குட்டிகளோடு வெளியே வருவார்கள். பதினாறாம் நாள் விசேஷங்களில் இனிமேல் அவர் கதையைத்தான் சொல்லுவார்கள். இந்தப் பக்கம் ஒரு வாரம் வாசலில் நிற்பது. அந்தப் பக்கம் முப்பது வருஷக் கூட்டமும் கலைந்துபோவது.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம், தாயி" என்றார்.

சுடலைராஜே கூப்பிட்டான். "அத்தான், விழுந்துட்டு போலிருக்கே?" என்றான். போன தீபாவளியிலிருந்து சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அந்தக் குரலில் தயாராக இருந்தது.

"ஆமா மாப்ளே, விழுந்துட்டு. ரெண்டு லச்சம் பேரு ஒரே நேரத்துல ஏறி வந்தா எந்தக் கடதான் தாங்கும்? ஒன் கட வாசல்ல எந்தப் பக்கம் நிக்கணும்னு மட்டும் சொல்லு."

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பந்தயத்தில் ஜெயித்தவன் குரல் மாதிரி இல்லை. "ரெண்டு... லச்சமா அத்தான்?"

மறுநாள் காலையில் கதவைத் திறக்க வந்த வேல்ராஜால் கதவை நெருங்க முடியவில்லை. திருவேங்கடத்திலிருந்தும் சிவகிரியிலிருந்தும் முதல் பஸ்ஸுக்கே வந்து இறங்கியிருந்தார்கள். லட்சம் பேர் அடித்துப் பிடித்து, கண் மூடித் திறப்பதற்குள் தீர்த்துவிட்ட சேலை எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். விலை கேட்கவும் நேரமில்லாமல் வாங்கினார்கள். குடோனில் மூன்று வருஷமாகக் கிடந்த கத்திரிப்பூக் கலர் சேலைகள் கூட விற்றுப்போயின. சாயங்காலம் எதிர்க்கடையிலிருந்து ரகசியமாக மூட்டை வாங்கிவந்து விற்க வேண்டியதாயிற்று. ஞானசெல்வி நிஜமாகவே ஒரு சேலை எடுக்க வந்து, கூட்டத்தில் நுழைய முடியாமல், "காசக் குடுத்து வாங்க வந்தா ஒரு வடைகூடக் கெடையாதா இந்தக் கடையில?" என்று தெருவில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

ஷிரின் பானு பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். வேல்ராஜ் அவளோடு பத்து நாள் பேசவில்லை.

தீபாவளி வந்தது. ராஜபாளையத்தில் நாலு மாடிக் கடையின் வாசலில், கஞ்சி போட்ட சட்டையும் நன்றாக இறக்கிக் கட்டிய வேட்டியுமாகச் சங்கரசுப்பு நின்றார். கடை ஆட்கள் கொடுத்த, தங்க ஜரிகை வைத்த கோட்டு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதல் கும்பிடு தொப்புளுக்கு மேலே ஏறவில்லை. "வாங்க" என்பது தொண்டையிலிருந்து வாய்க்கு வருவதற்குள் வந்தவர்கள் இரண்டாவது மாடிக்குப் போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் கை நெஞ்சுக்கு வந்தது. கால் மட்டும் வலித்தது. முப்பது வருஷம் உட்கார்ந்தே இருந்த கால்.

ரெண்டு லட்சம் பேர் ஏறிய கடையின் முதலாளி வாசலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, சங்கரன்கோவிலிலிருந்தே ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். பார்த்தார்கள், அவரே கும்பிட்டுக் கூப்பிடும்போது உள்ளே போகாமல் எப்படி இருப்பது என்று போனார்கள், போனவர்கள் பையோடு வந்தார்கள். சுடலைராஜ் மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று இதைக் கவனித்துக்கொண்டிருந்தான். சிரிப்பதற்கு ஒழிந்த நேரம் கிடைக்கவில்லை.

வாரக் கடைசியில் அவனே ஒரு டம்ளர் காப்பியோடு இறங்கி வந்தான். பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டான்.

"அத்தான், வார வருசம் நானும் அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லி கிளவுடுல டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம்னு இருக்கேன்."

"பண்ணு மாப்ளே. அவசியம் பண்ணணும். தொழிலுக்கு நல்லது."

"அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. அந்த ரெண்டு லச்சம் பேரும் ஆரு?"

சங்கரசுப்பு காப்பியை வாங்கி, ஆற்றி, ஒரு வாய் குடித்தார். தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பெரிய குடும்பம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. டம்ளரை மச்சினன் கையில் கொடுத்தார்.

"நல்ல மனுசங்க, மாப்ளே. ஒருத்தர்கூட வெல கொறைச்சுக் கேக்கல."

இரண்டு கையையும் நெற்றி வரைக்கும் தூக்கி, "வாங்க, வாங்க" என்றார்.